முத்து வரும் வரை யார் சோறு போடுவது? மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு வாரம்

ஞாயிறு, கொற்கை

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்த நகரத்தில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் தினமும் இரவில் கிளம்பி காலையில் வந்து சேர்கிறது.

கடலோரக் கிராமங்களில் முத்துச் சிப்பி வளர்ப்பை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்கும். இப்போது மறுபடி எழுந்திருக்கிறது. தொட்டியில் முத்து வளர்த்து லட்சாதிபதி ஆகலாம் என்று செல்போனில் தினம் ஒரு பயிற்சி விளம்பரம் வருகிறது. அவை பெரும்பாலும் ஆற்று மட்டி, குளத்து மட்டியில் செய்யும் நன்னீர் முத்து. நான் கேட்க வந்தது கடல் முத்தைப் பற்றி. அதுவும், அதற்கென்றே பெயர் பெற்ற இந்தக் கரையில் உள்ளவர்களிடம்.

தொடங்க வேண்டிய இடம் கொற்கைதான் என்று ஏரல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். இறங்கிய இடத்தில் வாழைத் தோட்டமும் வயலும் குளமும். கடலைக் காணோம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பாண்டியர் துறைமுகம் இருந்த ஊரில் இன்று ஒரு பழைய வன்னி மரம், அக்கசாலை ஈசுவரன் கோயில், சில நூறு வீடுகள். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. துறைமுகம் கொற்கையிலிருந்து காயல் என்ற ஊருக்கும், காயலிலிருந்து தூத்துக்குடிக்கும் கடலைத் துரத்திக்கொண்டே போன கதை, இந்த வாழைத் தோப்பில் நிற்கும்போதுதான் புரிகிறது.

கொற்கை என்றதும் சங்கப் பாட்டை எடுத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, பாண்டியனுக்குச் சொந்தமான கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கி வேலை வாங்கினார்கள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டிவைப்பவருக்கு என்று எழுதிவைத்திருக்கிறார். கடல்கட்டி என்று இங்கே அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். மந்திரக்காரருக்குக்கூடப் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. மூழ்கியவனுக்கு என்ன மிஞ்சியது என்ற கணக்கைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறேன்.

திங்கள், திரேஸ்புரம்

காலையில் பனிமய மாதா கோயில். உள்ளே குளிர்ச்சி, வெளியே வெயில் ஆளைச் சுட்டது. அங்கிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் திரேஸ்புரம். வள்ளங்கள் வரிசையாக நிற்கும் கரையில் சங்கு குளிக்கப் போய்விட்டுத் திரும்பியவர்கள் பொருட்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முத்துக்குளிப்பு நின்ற பிறகும் மூழ்கும் தொழில் நிற்கவில்லை. அது சங்குக்கு மாறிக்கொண்டது.

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தகப்பனார் கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவராம். "அண்ணாச்சி, இப்போது பாரில் சிப்பியே இல்லையா?" என்று கேட்டேன். பார் என்பது சிப்பி படியும் கடலடிப் பாறைத்திட்டு.

"யார் சொன்னது? சில வருடம் கண் கொள்ளாமல் கிடக்கும், தம்பி. குஞ்சுச் சிப்பி பாறையை மூடிக்கொண்டு கிடக்கும். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் வெறும் பாறை. திருக்கை தின்றுவிட்டதா, கிளாத்தி தின்றுவிட்டதா, மண் மூடிவிட்டதா, யாருக்குத் தெரியும்?"

இதைத்தான் வரலாறும் சொல்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் இல்லை. 1900, பிறகு 1908, பிறகு 1914, பிறகு 1926 முதல் 1928 வரை. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமே இல்லை. 1955இல் பார்கள் திடீரென்று நிறைந்தன. 1961 வரை தொடர்ந்து குளித்தார்கள். பிறகு இன்றுவரை இல்லை. தலைமுறைக்கு ஒருமுறை வரும் திருவிழாவை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. முத்துக்குளிப்பவர் என்று நாம் சொல்லும் மக்கள் உண்மையில் மீன் பிடித்தும் சங்கு குளித்தும் வாழ்ந்தவர்கள். முத்து வந்த ஆண்டில் முத்தும் குளித்தார்கள்.

வந்த ஆண்டிலும் நடந்தது என்ன? வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாட்டில் குளிகாரருக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, மிச்சம் அரசுக்கு. அரசின் பங்கு திறக்கப்படாமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. வாங்கிய சிப்பியைக் கொட்டில்களில் குவித்து அழுகவிட்டு, ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பிறகு கழுவி, சேற்றைத் துழாவி முத்து எடுப்பார்கள். அந்த நாற்றம் பற்றிய விவரிப்புகளைப் படித்தவர்கள் முத்துமாலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார்கள். பத்துப் பாக (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் குளிக்கல்லைக் காலில் மாட்டி, கயிற்றைப் பிடித்து, மூச்சை அடக்கி இறங்கியவர் தன் பங்குச் சிப்பியை அன்று மாலையே கரையில் விற்றுக் காசாக்கிவிடுவார். அதுதான் புத்திசாலித்தனம். சூதாட்டத்தை வியாபாரிகளிடம் விட்டுவிட்டார்.

"இப்போது சிப்பியை நீங்களே வளர்க்கலாம் என்றால்?" என்று கேட்டேன்.

"சங்கு இன்றைக்கு எடுத்தால் இன்றைக்குக் காசு" என்றார். பேச்சு முடிந்தது என்பதுபோல எழுந்து வள்ளத்துக்குள் போய்விட்டார்.

செவ்வாய், வேப்பலோடை

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைக்குளம் தாண்டிப் போகும் சாலை முழுவதும் உப்பளம். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே லாரிகள். இந்த வேப்பலோடையில்தான் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து 1973இல் பிறந்தது என்று சொன்னால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி நம்பவில்லை. "இங்கேயா? உப்புதானே விளையும்?" என்றார். ஊரில் ஒரு பலகையாவது இருக்குமா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கு. அழகர்சாமியும் அவருடன் இருந்தவர்களும் 1972இல் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். ஜப்பான் அந்தக் காலத்தில் முத்து வளர்ப்பின் கைநுட்பத்தை வெளியாருக்குக் கற்றுத்தராமல் பொத்திப் பாதுகாத்தது. ஆக, அச்சடித்த கட்டுரைகளைப் படித்து, சிப்பியை அறுத்து அறுத்துப் பார்த்துத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே உருண்டை முத்து வந்துவிட்டது. அழகர்சாமி பின்னாளில் சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். இறால் வளர்ப்பு பற்றிப் பேசுகிறவர்கள் அவரை அறிவார்கள். முத்துநகரில் அவர் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

முத்து ஆய்வுக் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை நண்பர் ஒருவர் ஏற்பாட்டில் சந்தித்தேன். வீட்டுத் திண்ணையில் ஒரு காலிச் சிப்பியை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களால் காற்றிலேயே அறுவை செய்து காட்டினார். அதை விரிவாக எழுதுகிறேன். இது தெரியாமல் முத்து வளர்ப்பைப் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் சிப்பிக்கு மயக்கம் கொடுக்க வேண்டும். கடல்நீரில் மெந்தால் தூளைத் தூவிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தசை தளர்ந்து ஓடு லேசாகத் திறக்கும். திறந்ததும் ஒரு சிறு முளையை இடையில் செருகி, தாங்கியில் பொருத்துகிறார்கள். இன்னொரு சிப்பியைப் பலி கொடுத்து, அதன் ஓட்டின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய போர்வைச் சதையை நாடாவாக வெட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கி வைத்திருப்பார்கள். சிப்பியின் பாதத்தின் அடியில் ஒரு கீறல். அங்கிருந்து சினைப்பைக்குள் ஊசியால் ஒரு வழி. அந்த வழியில் முதலில் சதைத் துண்டு, பிறகு ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த ஒரு மணி. துண்டும் மணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் துண்டின் சரியான பக்கம் மணியைத் தொட வேண்டும். புரண்டுவிட்டால் முத்து இல்லை. சரியாக அமைந்தால் அந்தத் துண்டு வளர்ந்து மணியைப் பைபோலச் சூழ்ந்து, மேலே பளபளக்கும் படலத்தை அடுக்கடுக்காகப் பூசும்.

"மணி எங்கிருந்து வரும் ஐயா?"

"ஜப்பானிலிருந்து வரும். இங்கே சங்கிலும் கடைந்து பார்த்தோம்" என்றார். சங்கு குளிக்கும் ஊரில் சங்கே முத்துக்குக் கருவானது எனக்குப் பிடித்திருந்தது.

அறுவை முடிந்த சிப்பி ஓய்வெடுத்த பிறகு, கூண்டில் அடைத்து, மிதவையிலிருந்து கடலில் தொங்கவிடப்படும். சில மணியைத் துப்பிவிடும். சில செத்துப்போகும். பிழைத்ததில் கோணல், புள்ளி, மங்கல் எல்லாம் உண்டு. நம் கடல் வெதுவெதுப்பானது; பூச்சு சீக்கிரம் ஏறும். ஜப்பானில் குளிர்காலத்தில் பூச்சு மெதுவாகப் படிவதால் மினுமினுப்பு கூடும் என்று அந்தப் பருவம் வரை காத்திருந்து எடுப்பார்கள். நமக்கு வேகம் வரம், பளபளப்பில் கொஞ்சம் சாபம்.

1981இல் இன்னொரு கதவும் திறந்தது. தூத்துக்குடி ஆய்வுக் கூடத்திலேயே சிப்பியை இனப்பெருக்கம் செய்யவைத்து, மிதக்கும் இளங்குஞ்சுகளுக்கு நுண்பாசியை ஊட்டி வளர்த்து, விதைச் சிப்பி உண்டாக்கினார்கள். பார் எப்போது நிறையும் என்று வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் குஞ்சுகளை லட்சக்கணக்கில் பார்களிலும் விதைத்துப் பார்த்தார்கள்.

ஆக, சிப்பி கையில் இருந்தது, அறுவை கையில் இருந்தது, கடல் வாசலில் இருந்தது. பிறகு ஏன் இந்தக் கரையில் ஒரு கிராமம்கூட முத்துக் கிராமம் ஆகவில்லை?

பெரியவர் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருந்தோம் தம்பி."

புதன், வாலிநோக்கம்

வேம்பார், சாயல்குடி என்று பஸ் மாறி வந்து சேர மதியமாகிவிட்டது. வளைந்து உள்வாங்கிய அமைதியான விரிகுடா. ஒருபுறம் அரசு உப்பளம். முன்பு இங்கே பழைய கப்பல்களை உடைக்கும் தொழிலும் நடந்தது. 1990களில் ஆராய்ச்சி நிலையம் இந்த விரிகுடாவில் மீனவர்களை வைத்தே முத்துச் சிப்பி வளர்த்துக் காட்டியது. ஆய்வுக் கூடத்தைவிட்டு முத்து ஊருக்குள் வந்த இடம் என்பதால்தான் இங்கே வந்தேன்.

டீக்கடையில் விசாரித்தேன். "கூண்டு தொங்கவிட்டது ஞாபகம் இருக்கிறது பாய்" என்றார் கடைக்காரர். மேற்கொண்டு பேசியவர் பெஞ்சில் இருந்த வயதான மீனவர். கூண்டை நீரில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கரையில் இருப்பவர்கள் நினைப்பதைக் கேட்டு அவர் சிரித்தார். ஓட்டின் மேல் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் ஏறும், கடற்பஞ்சு ஏறும், பாசி ஏறும். சுரண்டாவிட்டால் சிப்பியால் வாயைத் திறக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாகக் கூண்டுக்குள் புகுந்து, உள்ளேயே வளர்ந்து சிப்பியைத் தின்னும் சுருள் நத்தை ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் பொறுக்க வேண்டும். கச்சான் காற்று வலுத்தால் மிதவையின் கட்டு தளரும். இரவில் யாரேனும் வந்து கூண்டைத் தூக்கிப்போனால் கேட்க ஆள் வேண்டும். நிலத்தில் வேலி போடலாம். கடலில் எல்லை எது, யாருடைய பெயரில் பட்டா?

இவ்வளவும் செய்து, குஞ்சு அறுவைக்குத் தகுந்த அளவுக்கு வளர ஓராண்டுக்கு மேல். அறுவைக்குப் பின் மணியின் அளவைப் பொறுத்துச் சில மாதங்களிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை. அதன் பிறகு சந்தை. அங்கேதான் பேரிடி விழுந்தது. 1990களிலிருந்து சீனாவின் நன்னீர் முத்து மூட்டை மூட்டையாக உலகச் சந்தையில் வந்து கொட்டியது. ஆஸ்திரேலியா, இந்தோனேசியாப் பக்கம் பெரிய சிப்பியில் விளையும் கொட்டைப்பாக்கு அளவு முத்து மேல்தட்டுச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. நம் சிப்பி சின்னது. அதில் சின்ன முத்துதான் வரும். நடுவில் மாட்டிக்கொண்டது.

"நட்டம் வந்தால் யாருக்கு?" என்று அந்த மீனவர் கேட்டார். நான் பார்த்த திட்ட அறிக்கை எதிலும் இந்தக் கேள்வி இவ்வளவு சுருக்கமாக இல்லை.

வியாழன், பயண நாள்

ராமநாதபுரம் வழியாக மண்டபம். பஸ்ஸில் தூக்கம். உச்சிப்புளியில் நுங்கு வாங்கினேன், நன்றாக இருந்தது.

வெள்ளி, மண்டபமும் குந்துகாலும்

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இருந்தது இந்த மண்டபத்தில்தான். எதிரே குருசடைத் தீவு. முத்துச் சிப்பியை வளர்த்துப் பார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கே தொடங்கிவிட்டது. மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர். 1980களில் அரசும் தனியாரும் கூட்டாக நடத்திய முத்துப் பண்ணையும் குருசடையைத்தான் தேர்ந்தெடுத்தது. தீவு இப்போது 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது, சரியானதுதான். ஆனால் பவளப்பாறை ஓரத்து அமைதியான நீர் முழுவதும் பூங்காவுக்குள் போய்விட்டால், மிதவை போட மிஞ்சும் இடம் கொஞ்சம்தான் என்பதையும் மறைக்கக் கூடாது.

பாம்பன் பக்கத்துக் குந்துகால் போகும் வழியில் கடல்பாசி வளர்க்கும் பெண்களைப் பார்த்தேன். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, கயிறுகளில் பாசித் துண்டுகளை முடிந்து மிதக்கவிடுகிறார்கள். நாற்பத்தைந்து நாளில் அறுவடை. 2013இல் கடல் சூடாகிப் பாசி பெருமளவு அழுகிப்போனது, பலர் விட்டுவிட்டார்கள். சிலர் மறுபடி வந்தார்கள். ஏனென்றால் நட்டம் நாற்பத்தைந்து நாள் நட்டம்.

இந்த வாரம் முழுவதும் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது என்று நினைக்கிறேன். முத்து வளர்ப்பில் நாம் மீனவக் குடும்பத்திடம் கேட்டது இரண்டு ஆண்டுக் காத்திருப்பை. ஜப்பானில்கூட ஒரே குடும்பம் எல்லாவற்றையும் சுமப்பதில்லை. குஞ்சுச் சிப்பி சேர்ப்பவர் ஒருவர். அதைத் தாய்ச் சிப்பியாக வளர்த்து விற்பவர் இன்னொருவர். அறுவை செய்து முத்தாக்குபவர் மூன்றாமவர். நடுவில் கூட்டுறவுச் சங்கம். காத்திருப்பைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள். திரேஸ்புரத்துக் குளிகாரர் தன் பங்குச் சிப்பியைத் திறக்காமல் அன்றைக்கே விற்றதும் இதே அறிவுதான். அந்தப் பழைய வழக்கத்தில் மீட்டெடுக்க ஏதாவது உண்டென்றால் அதுதான்: முத்தை மறந்துவிட்டு, கிராமத்துக்குச் சிப்பியின் விலையைக் கொடுப்பது. விதைச் சிப்பியை ஆய்வுக் கூடம் தரட்டும். கிராமம் வளர்த்து, எண்ணிக் கொடுத்து, கூலியோ விலையோ வாங்கிக்கொள்ளட்டும். அறுவையும் சந்தையும் பணம் வைத்திருப்பவரின் சூதாட்டம்.

பாசிக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். முடிச்சை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாசி மிதவைக்குக் கீழேயே கூண்டு தொங்குமா தம்பி?"

தொங்கவிடலாம், ஆனால் சிப்பிக்கு இதைவிட ஆழமான தண்ணீர் நல்லது என்றேன்.

"அப்படியானால் வள்ளம் வேண்டும். வள்ளத்துக்கு டீசல் யார் போடுவது? மாதா மாதம் சுரண்டிக் கொடுத்தால் மாதா மாதம் காசு உண்டா? செத்துப்போன சிப்பியைக் கணக்கில் கழித்துவிடுவார்களா?"

மூன்று கேள்வி. அவற்றை அப்படியே கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். சிப்பி வளர்ப்புத் திட்டம் எழுதும் யாரேனும் இதைப் படித்தால் முதல் பக்கத்தில் இந்த மூன்றுக்கும் பதில் போட்டுவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போகவும். அக்கா அடுத்த கயிற்றை எடுத்துக்கொண்டார்; நான் நின்றால் வேலை கெடும் என்று கிளம்பினேன்.